கேப் பாயிண்டா, அகுலாஸா? கண்டத்தின் முனையில் நிற்கும் விளக்கு எது?

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது இது: "டிசம்பரில் அப்பா அம்மா நாகர்கோவிலிலிருந்து வருகிறார்கள். கேப் டவுனில் சில நாட்கள் இருப்போம். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள் என்பதால், 'அங்கேயும் கடல் சேருகிற இடம் இருக்காமே, அதைக் காட்டு' என்கிறார்கள். கேப் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்குக் கீழேதான் அட்லாண்டிக்கும் இந்தியப் பெருங்கடலும் சேர்கின்றன என்கிறார் டூர் கம்பெனிக்காரர். என் மகளோ, அது அகுலாஸ் முனை என்று டீச்சர் சொன்னதாக அடம்பிடிக்கிறாள். யார் சொல்வது சரி? ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போவது, அண்ணா?"

மகள் சொல்வதுதான் சரி, தம்பி. வரைபடத்தில் அட்லாண்டிக் முடிந்து இந்தியப் பெருங்கடல் தொடங்குவது அகுலாஸ் முனையில். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியும் அதுதான். கேப் பாயிண்டுக்கு இந்த இரண்டு பெருமையும் கிடையாது. அதற்காக டூர் கம்பெனிக்காரர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அதை அப்புறம் விளக்குகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்த காலத்தில் இந்த இரண்டு விளக்குகளையும் கடலிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது கேப் டவுனிலேயே குடியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ரைலண்ட்ஸ் சிவாலயத்துக்கு வருகிறவர்கள் முதல் ஊரிலிருந்து வரும் உறவினர் வரை எல்லோரும் கேட்கிறார்கள். பொதுவாக இதைச் சுற்றுலாக்காரர்களின் போட்டி என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கரையில் ஒரு முனையை இன்னொன்றாக நினைத்ததால் நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள். விளக்குகள் வந்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இடங்களைப் பிரித்துக்கொள்வோம். கேப் டவுனிலிருந்து தெற்கே ஒரு மலைத்தொடர் கடலுக்குள் நீண்டு போகிறது. அதன் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. மேற்கே இருப்பது நம் பாடப்புத்தகங்களில் வரும் நன்னம்பிக்கை முனை. அதற்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே, செங்குத்தாக எழுந்து நிற்பது கேப் பாயிண்ட். பழையது, புதியது என்று இரண்டு விளக்குகள் இருப்பது இந்தக் கேப் பாயிண்டில்தான். நன்னம்பிக்கை முனையில் வைத்திருக்கும் பலகையில் "ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி" என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். படம் எடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் 'மேற்கு' என்பதை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அகுலாஸ் அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேப் பாயிண்டின் அட்சரேகை தெற்கு 34 பாகை 21 கலை, அகுலாஸ் 34 பாகை 50 கலை. அதாவது அகுலாஸ் இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. தென்கோடி எது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

பிறகு ஏன் நன்னம்பிக்கை முனைக்கு இவ்வளவு பேர்? 1488-ல் போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமேயு தியாஸ் இந்தப் பக்கம் வந்தபோது புயல் அவரைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது. முனையைக் கண்ணால் பார்க்காமலேயே சுற்றிவந்து மோசல் விரிகுடாவில் கரை கண்டார். திரும்பும் வழியில்தான் இந்த முனையைப் பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து கரையை ஒட்டித் தெற்கே வருகிற மாலுமிக்குக் கிழக்கே திரும்பலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கும். அவனுக்கு இது திருப்பம். முழுத் திருப்பம் இல்லை, ஆனால் நிம்மதி தரும் திருப்பம். கிழக்கிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து, வருகிறவனுக்குக் கணக்கே வேறு. அவன் முதலில் தாண்ட வேண்டியது அகுலாஸை. வரலாற்றை மேற்கேயிருந்து வந்தவர்கள் எழுதியதால் அவர்களுடைய முனை பெயர் வாங்கிக்கொண்டது என்பது என் எண்ணம்.

இனி கடல் சேரும் இடம். பெருங்கடல்களுக்கு எல்லை வகுத்துக் கொடுப்பது மொனாக்கோவில் இருக்கும் சர்வதேச நீர்வரைவு அமைப்பு. 1953-ல் அது வெளியிட்ட எல்லை விவரத்தின்படி, அகுலாஸ் முனையிலிருந்து அண்டார்டிகா வரை இறங்கும் கிழக்கு 20 பாகை தீர்க்கரேகைதான் அட்லாண்டிக்குக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே உள்ள கோடு. அகுலாஸில் கரையோரமாக ஒரு கல் மேடை கட்டி, ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் அட்லாண்டிக் என்று பித்தளைப் பலகையில் பொறித்திருப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உங்கள் அப்பா அம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதே எல்லை விவரத்தை வைத்துப் பார்த்தால் குமரிமுனையைச் சுற்றி இருப்பது லட்சத்தீவுக் கடல் மட்டுமே. வங்காள விரிகுடா ராமர் பாலத்தோடும் இலங்கையின் தென்முனையோடும் நின்றுவிடுகிறது. கேட்டால் மனசு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. சிறு வயதிலிருந்தே முக்கடல் கூடும் துறை என்று சொல்லி முழுக்குப் போட்ட இடம் அது. கடல் வரைபடக்காரர்கள் கோடு கிழிப்பது கப்பல்கள் தங்கள் இடத்தைக் குழப்பமில்லாமல் சொல்வதற்காக. பகவதி அம்மன் சந்நிதியில் நின்று கும்பிடுகிறவர்களின் கணக்கு வேறு, அது அவர்களுக்கு நிறைவானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் "வரைபடத்தில் எங்கே சேர்கிறது" என்று மகள் கேட்டால், வரைபடக்காரர்களின் பதிலைத்தான் சொல்ல வேண்டும்.

டூர் கம்பெனிக்காரரின் பக்கத்துக்கு வருகிறேன். தண்ணீருக்கு வரைபடம் தெரியாது. இந்தக் கரையின் கிழக்குப் பக்கத்தில், மொசாம்பிக் பக்கமிருந்து டர்பன் வழியாகத் தென்மேற்கே ஓடி வருவது அகுலாஸ் நீரோட்டம். எங்கள் ஊர் மீனவர்கள் நீவாடு என்பார்கள். தூத்துக்குடியில் நாங்கள் கண்ட நீவாடு எதையும் இதன் பக்கத்தில் வைக்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், சில இடங்களில் மணிக்கு நான்கு கடல் மைலுக்கு மேல் வேகம். தென்மேற்கே போகும் கப்பல் இதில் ஏறிக்கொண்டால் எரிபொருள் மிச்சம். வடகிழக்கே போகிறவன் கரைப்பக்கம் ஒதுங்கிப் போவான். தெற்கிலிருந்து வரும் பெரும் அலைகள் இந்த ஓட்டத்துக்கு எதிரே மோதும்போது, திடீரென்று சுவர் போல ஓர் அலை எழும்பும், அதற்கு முன்னால் ஆழமான ஒரு பள்ளம் விழும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வராட்டா என்ற பயணிகள் கப்பல் 211 பேரோடு இந்தக் கடலில் காணாமல் போனது. இன்றுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

இந்த நீரோட்டம் கண்டத்தின் அடியைத் தாண்டியதும் அட்லாண்டிக்குக்குள் நேராகப் போகாது. அகுலாஸுக்குத் தென்மேற்கே எங்கோ வளைந்து, வந்த பக்கமே கிழக்கே திரும்பிவிடும். திரும்பும்போது இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் அகலமான வெந்நீர்ச் சுழல்களை அவ்வப்போது கழற்றி அட்லாண்டிக்குக்குள் விடும். மேற்குக் கரையிலோ பெங்குவெலா நீரோட்டம். கோடையில் தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அடியிலிருந்து சில்லென்ற தண்ணீர் மேலே வரும். இந்த இரண்டு தண்ணீரும் கலக்கும் இடம் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருக்காது. பருவத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப அகுலாஸுக்கும் கேப் பாயிண்டுக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கேப் டவுனில் வசிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கேம்ப்ஸ் பேயில் காலை வைத்தால் எலும்பு வரை குளிரும், மலைக்கு அந்தப் பக்கம் மியூசன்பெர்க்கில் குழந்தைகள் மணிக்கணக்கில் ஆடுவார்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஐந்தாறு பாகை வித்தியாசம் சாதாரணம். இதை உடம்பில் உணர்ந்தவர்கள் "இங்கேதான் கடல் மாறுகிறது" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மியூசன்பெர்க்கில் குளிப்பவர்களும் எல்லைக் கணக்கின்படி அட்லாண்டிக்கில்தான் குளிக்கிறார்கள். மியூசன்பெர்க் இருக்கும் விரிகுடா முழுவதும் 20 பாகைக் கோட்டுக்கு மேற்கேதான் இருக்கிறது. இன்னொன்று. கேப் பாயிண்டில் மேலே நின்று கீழே கடலில் நுரைக்கோடு ஒன்றைக் காட்டி, "அதோ பாருங்கள், அதுதான் இரண்டு கடலும் சேரும் கோடு" என்பார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள், குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பாறை முனையைச் சுற்றி வரும் ஓட்டமும் காற்றும் சேர்ந்தால் எந்தக் கடலிலும் அப்படிக் கோடு விழும்.

சரி, விளக்குகளின் கதைக்கு வருவோம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

கிழக்கிலிருந்து வரும் பாய்க்கப்பல்காரனுக்கு இந்தக் கரையில் இருந்த பெரிய ஆபத்து, முனைகள் ஒன்றுபோலத் தோன்றுவது. கேப் பாயிண்டுக்கு எதிரே, மியூசன்பெர்க் இருக்கும் அதே விரிகுடாவின் கிழக்கு வாயில் ஹாங்க்லிப் என்று ஒரு மலைமுனை இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் அதைக் கேப் பாயிண்ட் என்று நினைத்து வடக்கே திரும்பி, கேப் டவுன் துறைமுகம் இருக்கும் டேபிள் விரிகுடாவுக்கு வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இந்த விரிகுடாவுக்குள் நுழைந்துவிடுவார்கள். பொய் விரிகுடா என்று அதற்குப் பெயர் வந்ததே இதனால்தான். அட்சரேகையை நண்பகல் சூரியனை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்காக எவ்வளவு வந்திருக்கிறோம் என்பதற்கு நம்பகமான கடிகாரம், அதாவது குரோனோமீட்டர் வேண்டும். அது இல்லாத கப்பலில் வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி ஊகிப்பதுதான் வழி. வலுவான நீரோட்டம் உள்ள கடலில் அந்த ஊகம் கப்பலை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1815-ல் அர்னிஸ்டன் என்ற கப்பல் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பியது. கண்டிப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள், பெண்கள், குழந்தைகள், மாலுமிகள் என்று 378 பேர். கப்பலில் குரோனோமீட்டர் இல்லை. மே 29 அன்று வடக்கே தொலைவில் ஒரு கரை தெரிந்தது. கேப் டவுன் பக்கத்து நிலம் என்று கணித்தார்கள். இன்னும் கொஞ்சம் மேற்கே ஓட்டிவிட்டு, மறுநாள் அதிகாலையில் செயின்ட் ஹெலினா தீவை நோக்கி வடக்கே திரும்பினார்கள். அவர்கள் பார்த்த கரை அகுலாஸ் பக்கத்து நிலம். வடக்கே திறந்த கடல் இருக்கும் என்று திரும்பிய கப்பலுக்கு முன்னால் பார்களும், அதாவது கடலடிப் பாறைகளும், கரையும் இருந்தன. அன்று 372 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஆறு பேர். அந்தக் கரையில் இருக்கும் மீனவர் கிராமத்துக்கு இன்றைக்கும் அர்னிஸ்டன் என்று பெயர் வழங்குகிறது. இலங்கையில் பணியிலிருந்த ஒரு படை அதிகாரியின் நான்கு பிள்ளைகள் அந்தக் கப்பலில் இறந்தார்கள், அவர்களுக்கான நினைவுக்கல் அங்கே இருக்கிறது.

காலியிலிருந்து கிளம்பிய கப்பல் என்பதால்தானோ என்னவோ, இந்த விபத்தை எனக்கு அன்னியர்களின் கதையாகப் படிக்க முடியவில்லை. நம் கடலில் பாய் விரித்த கப்பல் இங்கே வந்து உடைந்திருக்கிறது.

அகுலாஸில் விளக்கு வேண்டும் என்ற குரல் வலுத்ததற்கு அர்னிஸ்டன் ஒரு பெரிய காரணம். அன்றைய பிரிட்டிஷ் கேப் காலனியின் தலைமை நில அளவையாளராக இருந்த சார்லஸ் மிச்செல் அதற்காக விடாமல் வாதாடினார். மிகியேல் வான் பிரேடா என்ற நிலக்கிழார் இடம் கொடுத்தார். நன்கொடையும் திரட்டினார்கள். பக்கத்திலேயே கிடைத்த சுண்ணாம்புக்கல்லால் கட்டி, 1849 மார்ச் 1 அன்று முதன்முதலாக ஏற்றினார்கள். பழைய அலெக்சாண்டிரியா கலங்கரை விளக்கத்தை நினைவூட்டும் தோற்றம் அதற்கு. ஆரம்பத்தில் எரித்தது ஆட்டு வால் கொழுப்பு. இந்த ஊர் ஆடுகளின் வால் கொழுத்துத் தொங்கும், அதை உருக்கி எண்ணெயாக்கினார்கள். ஆடு மேய்க்கும் நாட்டில் அது எளிதில் கிடைக்கிற பொருள். இன்றைக்கும் வேலை செய்யும் தென்னாப்பிரிக்க விளக்குகளில் கேப் டவுன் கிரீன் பாயிண்டில் இருக்கும் 1824-ஆம் ஆண்டு விளக்குக்கு அடுத்து வயதானது இதுதான்.

சுண்ணாம்புக்கல் உப்புக் காற்றில் அரித்துக்கொண்டே போனது. 1968-ல் கோபுரம் தாங்காது என்று முடிவு செய்து, பக்கத்தில் ஓர் அலுமினியக் கோபுரத்தை நிறுத்தி விளக்கை அதற்கு மாற்றினார்கள். பழைய கட்டிடம் இடிந்து போயிருக்க வேண்டியது. 1973-ல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்து, கல் கல்லாகச் சரிசெய்து, 1988-ல் விளக்கைத் திரும்பவும் அதன் தலையில் ஏற்றினார்கள். இருபது வருடம் இருண்டு கிடந்த கோபுரம் மறுபடியும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்ன ஆரம்பித்தது. ஒரு விளக்கைக் காப்பாற்ற ஒரு நாடு இவ்வளவு மெனக்கெட்டதை நான் உயர்வாக நினைக்கிறேன். நம் கரையில் எத்தனை பழைய விளக்குகளைக் கேட்பாரில்லாமல் விட்டிருக்கிறோம்.

அகுலாஸுக்கு வருகிறவர்களில் பலர் ஏமாந்துபோவார்கள். கேப் பாயிண்டைப் போல மிரட்டும் மலையோ, தலை சுற்றும் பள்ளமோ இங்கே கிடையாது. தட்டையான தரை, கரடுமுரடான பாறை, புதர், காற்று, அவ்வளவுதான். "இதுவா கண்டத்தின் முனை?" என்று கேட்பார்கள். ஆனால் இந்தத் தட்டைதான் ஆளைக் கொன்றது. உயர்ந்த மலையைப் பகலில் வெகு தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம். தாழ்ந்த கரை இரவில் கண்ணுக்குத் தட்டுப்படவே செய்யாது, தட்டுப்படும்போது பார்மேல் நிற்போம். அதற்கு வெளியே கடலடித் திட்டு வேறு கண்டத்தின் அடியில் வெகுதூரம் விரிந்து கிடக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை இன்னும் கோபமாக எழும். ரேடார் வந்த பிறகும் இது ஓயவில்லை. 1982-ல் தரை தட்டிய மெய்ஷோ மாரு 38 என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் துருப்பிடித்த உடல் முனைக்குச் சற்று மேற்கே கிடக்கிறது. அதில் இருந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

கேப் பாயிண்டில் நடந்தது நேர் எதிர்க் கதை. அங்கே சண்டையே விளக்கின் இடத்தைப் பற்றித்தான். 1860 மே 1 அன்று, கடல்மட்டத்துக்கு 238 மீட்டர் மேலே, மலை உச்சியில், இங்கிலாந்திலிருந்து துண்டுகளாகக் கொண்டுவந்த இரும்புக் கோபுரத்தில் விளக்கு ஏற்றினார்கள். உயரமாக இருந்தால் தூரத்திலிருந்து தெரியும் என்ற கணக்கு. அது இரண்டு விதத்தில் பிசகியது. அந்த உச்சியை அடிக்கடி மேகம் மூடிவிடும். கீழே கடலில் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்போதே மேலே விளக்கு பஞ்சுக்குள் புதைந்து கிடக்கும். மேகமில்லாத இரவிலோ, கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கு தேவைக்கு அதிகமான தூரத்திலேயே தெரிந்துவிடும். விளக்குதான் தெரிகிறதே, இன்னும் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் முனையை ஒட்டியே வந்துவிடுவார்கள். காப்பாற்ற வைத்த விளக்கே கப்பலைப் பாறைக்கு அருகே இழுத்தது.

மாலுமிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 1911 ஏப்ரல் 18 அன்று லூசிடானியா என்ற போர்ச்சுகீசியப் பயணிகள் கப்பல், மூடுபனி இரவில், முனைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் பெல்லோஸ் பாறையில் ஏறியது. (1915-ல் ஜெர்மானியர்கள் மூழ்கடித்த லூசிடானியா வேறு கப்பல்.) நூற்றுக்கணக்கான பயணிகளில் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள் என்பது ஆறுதல். அதற்குப் பிறகுதான் பிடிவாதம் தளர்ந்தது. உச்சியிலிருந்து இறக்கி, கடல்மட்டத்துக்கு 87 மீட்டர் மேலே, முனையின் நுனிப்பாறையில் புது விளக்கு கட்டினார்கள். அந்தச் செங்குத்தில் கல்லும் மண்ணும் கொண்டுபோய்க் கட்டிமுடிக்க வருடக்கணக்கானது. 1919 மார்ச் 11 அன்று எரிந்தது. ஒரு கோடி மெழுகுதிரிகளின் ஒளி அதற்கு, தென்னாப்பிரிக்கக் கரையிலேயே வலிமையான விளக்கு. கப்பலில் இரவுக் காவலில் நிற்கும்போது முப்பது விநாடிச் சுற்றில் மூன்று மின்னல் தெரிந்தால் கேப் பாயிண்ட், ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் அகுலாஸ். எண்ணிப் பார்த்து உறுதிசெய்யாமல் நாங்கள் திசை மாற்ற மாட்டோம். அர்னிஸ்டனின் மாலுமிகளுக்கு இல்லாமல் போனது இந்த எண்ணிக்கைதான்.

கேப் பாயிண்டுக்குப் போகிறவர்கள் கேபிள் ரயிலில் ஏறி, படியேறி, சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளைக் கோபுரம், அந்தத் தப்பான இடத்தில் கட்டிய 1860-ஆம் ஆண்டு விளக்கு. அது அணைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உண்மையில் வேலை செய்வது கீழே நுனியில் இருக்கும் சின்னக் கோபுரம். மேலேயிருந்து மலை முதுகு வழியாக ஒரு நடைபாதை போகிறது, அதில் கொஞ்ச தூரம் நடந்தால் அதைப் பார்க்கலாம். பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலேயே திரும்பிவிடுவது எனக்கு வருத்தம்.

நம் ஆட்களுக்கும் இந்த விளக்குகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் சிலர், எங்கள் முன்னோர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சுற்றவில்லை. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ 342 பேரோடு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த ஒப்பந்தக் கூலிக் கப்பல்களும் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து டர்பனிலேயே ஆட்களை இறக்கின. இந்த முனைகளைத் தாண்ட வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை.

தாண்டியவர்கள் வேறு தமிழர்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக் கம்பெனி பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கமிருந்து அடிமைகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டுவந்தவர்கள் அகுலாஸையும் கேப் பாயிண்டையும் கடந்துதான் டேபிள் விரிகுடாவை அடைந்தார்கள். அன்றைக்கு இந்தக் கரையில் ஒரு விளக்கும் இல்லை. கேப் டவுன் பழைய ஆவணங்களில் ஆட்களின் பெயருக்குப் பின்னால் கோரமண்டலம், பழவேற்காடு என்று ஊர் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுடைய சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன.

அடுத்து, கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1845 முதல் மெட்ராஸிலிருந்து கயானாவுக்கும் டிரினிடாட்டுக்கும் கப்பல்கள் போயின. 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து மார்ட்டினிக்குக்கும், அடுத்த வருடத்திலிருந்து குவாதலூப்புக்கும் போயின. பாய்க்கப்பல்கள் இந்த முனைகளைச் சுற்றித்தான் அட்லாண்டிக்குக்குள் நுழைய வேண்டும். வருடங்களை வைத்துப் பார்த்தால், முதலில் போன மெட்ராஸ்காரர்களுக்கு இரண்டு முனையும் இருட்டு. 1849-க்குப் பின் போனவர்களுக்கு அகுலாஸ் விளக்கு உண்டு. 1860-க்குப் பின் போனவர்களுக்கு இரண்டும் உண்டு. இரவில் மேல்தளத்துக்கு வர விட்டிருந்தால், காரைக்காலிலிருந்து கிளம்பிய ஒரு குடும்பம் ஆட்டுக் கொழுப்பில் எரிந்த அந்த ஒளியைப் பார்த்திருக்கக்கூடும். தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நாம் டர்பன் துறைமுகத்தை நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். இந்த முனைகளைத் தாண்டிப் போனவர்களையும் நம் கதையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனி உங்கள் பயணம். ஒன்றுதான் என்றால் அகுலாஸ் போங்கள். கேப் டவுனிலிருந்து என்-2 சாலையில் கிளம்பி காலிடன், பிரேடஸ்டார்ப் வழியாக 220 கிலோமீட்டருக்கு மேல், ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் ஆகும். விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் திரும்பலாம், ஆனால் அப்பா அம்மாவோடு என்றால் அங்கே ஓர் இரவு தங்குவதுதான் நல்லது. இருட்டியதும் விளக்கு சுற்றுவதைப் பார்க்கலாம், பகலில் வந்து போகிறவர்களுக்கு அது கிடைக்காது. கண்டத்தின் நுனி வரை மரப்பலகை நடைபாதை இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் நடந்துவிடலாம். விளக்குக் கோபுரத்தின் உள்ளே 71 படி. ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், பெரியவர்களை ஏற்ற வேண்டாம். கீழேயே சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, மகளை அங்கே நிதானமாகப் பார்க்க விடுங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பிரேடஸ்டார்ப்பில் கப்பல் விபத்து அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தக் கரையில் உடைந்த கப்பல்களின் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அர்னிஸ்டன் கிராமம் அங்கிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லை. நேரம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேப் பாயிண்டுக்கு நேரம் கிடைத்தால் விடாதீர்கள். அழகில் அகுலாஸ் அதன் கிட்டே வராது. அரை நாள் போதும். பெரியவர்களைக் கேபிள் ரயிலில் ஏற்றிவிட்டு, நீங்களும் மகளும் நடந்து ஏறுங்கள். காற்று ஆளைத் தள்ளும், அம்மாவிடம் புடவைக்கு மேல் ஒரு ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காரில் புளியோதரைப் பொட்டலத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்காதீர்கள், கதவையும் பூட்டிக்கொள்ளுங்கள். அங்கே உலவும் பபூன் குரங்குகள் நம் ஊர்க் குரங்குகளைவிடப் பெரியவை, கையில் இருப்பதைப் பிடுங்கத் தயங்காது. சாப்பாட்டைக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.